வேறொருத்தியின் பெயரில்

மடுகரை
7-1-2024

வெண்ணிலா அப்பாவுக்கு,

ஆறு நாளாக நீங்கள் போன் அடிக்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கப்போவதில்லை. உங்கள் அம்மாவுக்குக் காது மந்தமானதிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. அங்கே எட்டுப் பேர் இருக்கிற அறையில் உட்கார்ந்து நீங்கள் "நல்லாக்கீறேன்" என்கிறீர்கள். இங்கே அத்தையும் வெண்ணிலாவும் எதிர்வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்க நான் "ம்" என்கிறேன். இப்படியே பதினான்கு மாதம் போய்விட்டது.

புது வருஷத்தன்று நீங்கள் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேம்மா" என்று ஊர் கேட்க உங்கள் அம்மாவிடம் சொன்னீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை என்று சொல்லித்தானே விமானம் ஏறினீர்கள்? அத்தை, "எம்புள்ள பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றார். நான் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். அன்றைக்குக் குழம்பு தீய்ந்துபோனது. அதையே எல்லோரும் தின்றார்கள்.

அதனால் எழுதுகிறேன். தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். போனில் இருப்பதையெல்லாம் வெண்ணிலா நோண்டிப் பார்க்கிறாள். ஆனால் கையெழுத்தை வாசிக்கும் பொறுமை அவளுக்குக் கிடையாது.

கடையைப் பற்றிப் போன தடவை கேட்டீர்கள். ரேஷன் கடை பூட்டித்தான் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. அரிசிக்குப் பதில் பாங்கில் பணம் என்று ஆனபிறகு மூட்டை வரவில்லை. மூட்டை வராததால் எங்களுக்குச் சம்பளமும் வரவில்லை. வேலையை விட்டு எடுத்தோம் என்று யாரும் எழுதித்தரவும் இல்லை. திங்கட்கிழமை போய்த் திறந்து, எலிப் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். போட்டால்தான் நான் இன்னும் கவர்மெண்டு ஆள். உங்கள் நூல் ஆலையும் அப்படித்தானே? ஓடவும் இல்லை, மூடிவிட்டோம் என்று சொல்லவும் இல்லை. சங்கத்துச் சார்லஸ் அண்ணன் இன்னும் ஆலை வாசலில் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உண்மையை எழுதுங்கள். சாப்பாடு, குளிர், எல்லாவற்றையும். எதற்காகக் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும்.

ஆரோக்கியசெல்வி


ஃபெர்கானா பக்கம், உஸ்பெகிஸ்தான்
15-1-2024

செல்விக்கு,

நான் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது லேபர் ஆபீசருக்கு. அதற்கு இன்னும் பதில் வரவில்லை. நீயாவது போடுவாய் என்று எழுதுகிறேன்.

இன்றைக்குப் பொங்கல். வெளியே மைனஸ் எட்டு. போன வருஷத்துக்கு இது பரவாயில்லை. காலையில் கேஸ் வரவில்லை, பத்து மணிக்குக் கரண்டும் போனது. இங்கே 'யோக்' என்றால் இல்லை என்று அர்த்தம். கேஸ் யோக், கரண்டு யோக், சுடுதண்ணி யோக். கோட்டும் குல்லாவுமாகவே படுத்துக்கொள்கிறோம். அரிசியை ஊறவைத்துக் கரண்டு அடுப்புக்காகக் காத்திருந்து மத்தியானம் மூன்று மணிக்குப் பொங்கினோம். வெல்லம் கிடைக்கவில்லை, சர்க்கரையும் திராட்சை வற்றலும் போட்டோம். நாங்கள் எட்டுப் பேரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியதும் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்தார்கள்.

அண்ணனை இவர்கள் கூப்பிடும் வார்த்தை நம் 'அக்கா' மாதிரியே காதில் விழும். ஷெட்டில் நூற்றுப் பன்னிரண்டு பெண்களும் என்னை "மணி அக்கா" என்கிறார்கள். நான் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஸ்பானர் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறேன்.

சங்கக் கூட்டத்தில் தோழர்கள் சொல்வார்களே, சோவியத்தில் ஆஸ்பத்திரிக்குக் காசில்லை, ஆலையே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் என்று. அந்த நாட்டின் ஒரு துண்டில்தான் இருக்கிறேன். இந்த ஆலையும் அப்போது அரசாங்கத்துடையது. இப்போது ஒரு முதலாளி வாங்கியிருக்கிறார். பிள்ளைகள் பள்ளி இருந்த கட்டடத்தில்தான் எங்களைத் தங்கவைத்திருக்கிறார்கள். சுவரில் இன்னும் வாத்துப் படம் இருக்கிறது. ஜுல்ஃபியா என்று ஒரு அம்மாள், ஐம்பத்து மூன்று வயது. பதினெட்டு வயதில் இங்கே வேலைக்குச் சேர்ந்தவள். அவள் பிள்ளைகள் அந்த வாத்துக்குக் கீழேதான் தூங்கினார்களாம். போனில் மொழிபெயர்க்கிற ஆப்பில் பேசிக்கொள்கிறோம். "அப்பல்லாம் எங்க வரிசை நின்னாலும் போயி நின்னுக்குவோம், முன்னால போனப்புறந்தான் செருப்பா சோப்பான்னு தெரியும். இப்ப வரிசையே இல்ல. எல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கு. நாங்க வெளிய நின்னு பாத்துட்டுப் போயிடறோம்" என்றாள். அவள் புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை. இந்த ஊர் ஆம்பளைகள் பாதிப் பேர் அங்கேதான். அவள் கொண்டுவரும் ரொட்டியில் எனக்கும் ஒரு துண்டு உண்டு.

கையெழுத்துக்கு வருகிறேன். டிசம்பரில் பாஸ்போர்ட்டைக் கேட்கப் போனேன். வந்த அன்று பதிவு செய்ய வேண்டும் என்று வாங்கியது, ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. மேனேஜர் நம் தமிழ் ஆள்தான். ஒரு பேப்பரை முன்னால் வைத்து, "ரெண்டு வருசம் போட்டீங்கன்னா வருசத்துக்கு ஒரு லீவு. இல்லன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்" என்றார். முடித்து அனுப்பச் சொல்லத்தான் போயிருந்தேன் செல்வி. பேனாவை எடுத்ததும் சார்லசின் பந்தல் கண்முன் வந்தது. திரும்பி வந்தால் நான் அங்கேதான் போய் உட்கார வேண்டும். போட்டுவிட்டேன். உன்னிடம் கேட்டிருந்தால் "வந்துடு" என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

மணிவண்ணன்


மடுகரை
18-2-2024

வெண்ணிலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன், கையெழுத்துப் போட்ட கதையை மட்டும் விட்டுவிட்டு. வாளியோடு ஓடிவந்ததைக் கேட்டு அத்தை புரையேறும்வரை சிரித்தார்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. நேரம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் உட்கார முடிகிறது. தோள் வலிக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு வெளியே நிற்பதாக அந்த அம்மாள் சொன்னதைப் பற்றி. நெட்டப்பாக்கம் சாலையில் புதிதாக ஒரு பெரிய கடை திறந்திருக்கிறார்கள். உள்ளே குளிரூட்டி. கூடையைத் தள்ளிக்கொண்டு நாமே எடுக்கலாம். அரிசியே பதினோரு வகை. நான் ரேஷன் கடையில் பதினாறு வருஷம் அரிசி அளந்தவள். மோந்து பார்த்தே எந்தக் குடோன் மூட்டை என்று சொல்வேன். அந்தப் பதினோரு வகையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, நம் தெரு மளிகைக்கடையில் கடனுக்குக் கிடைக்கும் உடைசல் அரிசியையே வாங்கி வந்தேன். அரிசிப் பணம் குடும்பத் தலைவி கணக்குக்கு வருகிறது. தலைவி அத்தை. அது மாத்திரைக்கே போய்விடுகிறது.

கடைக்கு எதிரே போகும்போதெல்லாம் யாராவது, "இன்னா செல்வி, எப்பத்தான் தொறப்பீங்கோ?" என்று கேட்கிறார்கள். நான் ஏதோ அரிசியை வீட்டில் பதுக்கிவைத்திருப்பது போல. தேர்தல் வருகிறது, திறந்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு. அந்த நாள் வரும்போது என் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்வீட்டுப் புவனேஸ்வரி திருப்பூரில் புருஷனோடு இருக்கிறாள். இது ஐந்தாம் மாதம், முழுகாமல் இருக்கிறாள். வெண்ணிலா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

கையெழுத்து விஷயம் ஆறவில்லை. ஆனால் நீங்கள் உண்மையை எழுதியது பிடித்திருந்தது.

ஆரோக்கியசெல்வி


ஃபெர்கானா பக்கம்
10-3-2024

செல்விக்கு,

உண்மையை எழுதச் சொன்னாய். இதையும் கேள்.

மார்ச் எட்டு இங்கே பெரிய நாள். பெண்கள் தினம். முதலாளி ஷெட்டுக்கு வந்து ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பூ கொடுத்தார். பாட்டுப் போட்டு ஆடினார்கள். என்னையும் இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். புது மெஷின்கள் வருகின்றன. ஒரு ஆள் நூல் சுற்றும் கதிர்களை இரண்டு மடங்கு பார்க்கலாம். நூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டாம், அறுபது போதும். "யாரு வேகம், யாரு ஸ்லோன்னு உங்களுக்குத்தான் தெரியும் மணி. லிஸ்ட் போட்டுக் குடுங்க" என்றார். நான் ஃபிட்டர், இது என் வேலை இல்லை என்றேன். "அப்ப நான் போடறேன். எனக்கு யாரையும் தெரியாது, கண்ண மூடிக்கினுதான் போடணும்" என்றார்.

கண்ணை மூடிப் போடுவதைவிடத் தெரிந்தவன் போடுவது நியாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க நோட்டோடு சுற்றினேன். பெண்களுக்குப் புரிந்துவிட்டது. நான் போகும் பக்கமெல்லாம் கை வேகமாக ஓடியது. ஒருத்தியும் "மணி அக்கா" என்று கூப்பிடவில்லை.

ஜுல்ஃபியாவுக்குக் கண் மங்கிவிட்டது. இழை அறுந்தால் கண்டுபிடிக்க மற்றவர்களைவிட நேரமாகிறது. பென்ஷனுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. அவளை விட்டுவிட்டு அவளைவிட வேகமான ஒருத்தியை எழுதினால், அது ரொட்டிக்காகச் செய்தது ஆகிவிடாதா? ஐம்பத்திரண்டு பெயர் எழுதினேன். அவள் பெயர் நாற்பதாவது.

நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பாய்?

மணிவண்ணன்


மடுகரை
11-3-2024

வெண்ணிலா அப்பாவுக்கு,

நான் உங்கள் இடத்தில் இல்லை. அந்த ஐம்பத்திரண்டு பேர் இடத்தில்தான் இருக்கிறேன்.

உங்கள் ஆலையில் முதல் ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டியபோது அதைக் கிழித்து வாயில் போட்டு மென்றது யார்? வீட்டுக்கு வந்து, "பசை கசக்குது செல்வி, ஒரு வெல்லக்கட்டி குடு" என்று கேட்டது யார்? அதைப் பார்த்துத்தான் இந்த ஆளோடு எதையும் கடந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மற்ற பெயர்களை விடுங்கள். அந்த அம்மாள் பெயரையாவது எடுக்கச் சொல்லுங்கள்.

செல்வி


ஃபெர்கானா பக்கம்
28-4-2024

செல்விக்கு,

எடுக்க முடியவில்லை. கேட்டேன். "ஒருத்திய எடுத்தா வேற ஒருத்தியச் சேக்கணும். யாருன்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர். என்னால் சொல்ல முடியவில்லை. மார்ச் கடைசியோடு அவர்கள் போனார்கள். அதை எழுத வெட்கமாக இருந்ததால் ஒரு மாதம் எழுதவில்லை.

இப்போது நடந்தது வேறு. ஏப்ரல் முதல் வாரம், மத்தியான ஷிப்டு. பதினான்காம் ஃபிரேமில் முகத்தை மாஸ்க்காலும் முக்காட்டாலும் மூடிக்கொண்டு ஒருத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசிக்குப் பலரும் மூடிக்கொள்வதுதான். ஆனால் அறுந்த இழையை எல்லோரும் ஆள்காட்டி விரலால் ஒட்டுவார்கள், இவள் மோதிர விரலால் ஒட்டினாள். அப்படி ஒட்டுகிறவள் இந்த ஆலையில் ஒருத்திதான். ஜுல்ஃபியாவின் நாத்தனார் மகள் இருபத்திரண்டு வயதுப் பெண், அறுபதில் ஒருத்தி. வாசல் மெஷினில் அவள் வருகை அட்டையைத் தேய்த்துவிட்டு இவள் உள்ளே வந்திருக்கிறாள். அந்தப் பெண் பஜாரில் வேறு வேலைக்குப் போகிறாளாம்.

என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். பத்தொன்பது நாள் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை சூப்பர்வைசருக்குச் சந்தேகம் வந்து மேனேஜரிடம் சொல்ல, மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "பதினாலுல நிக்கிறது யாரு? உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று நேராகக் கேட்டார். தெரியாது என்றால் நாளைக்கு நானும் உடந்தை. தெரியும் என்றேன். அவளை அப்போதே வெளியே அனுப்பினார்கள். அந்தப் பெண்ணின் வேலையும் போனது. போகும்போது ஜுல்ஃபியா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லைதான். ஆனாலும் யோசித்துப் பார். ஒருத்தர் அட்டையில் இன்னொருத்தர் வேலை பார்ப்பது தப்புதானே? கை கால் போயிருந்தால் யார் பொறுப்பு? இதில் என் தப்பு என்ன இருக்கிறது, நீயே சொல்.

மணிவண்ணன்


மடுகரை
1-5-2024

வெண்ணிலா அப்பாவுக்கு,

இன்று மே தினம், கம்பெனி லீவு. அதனால் நிதானமாக எழுத முடிகிறது. வலது கையில் ஒன்றும் ஆகவில்லை என்பதால் எழுதவும் முடிகிறது.

நான்தான் புவனேஸ்வரி.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதியிலிருந்து திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு பாக்கெட் கம்பெனியில் கான்ட்ராக்டர் மூலமாக வேலை பார்க்கிறேன். சோப்புத்தூள் பாக்கெட். காலை ஆறு மணிக்கு வேன், சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு. திங்கட்கிழமை கடையைத் திறந்து கையெழுத்துப் போடுவது ஆறு மணிக்கு முன்னால். என் சொந்த ஆதாரைக் கொடுத்துச் சேர்ந்தால், ரேஷன் கடை ஆள் வேறு இடத்தில் சம்பளம் வாங்குகிறாள் என்று தெரிந்து பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பதினாறு வருஷமும் போய்விடும். எதிர்வீட்டுப் புவனேஸ்வரியின் ஆதார் சும்மாதான் கிடந்தது. அத்தைதான் அவள் அம்மாவிடம் பேசி வாங்கித்தந்தார். ஆமாம், உங்கள் அம்மா. "அவனுக்குச் சொல்லாத. கான்ட்ராக்டர் வண்டியில எம்பொண்டாட்டி ஏறமாட்டான்னு சங்கத்துல சொன்னவன். அங்கியாவது நிம்மதியாக் கெடக்கட்டும்" என்றார். அந்த மனுஷியைப் பற்றி உங்களிடம் எத்தனை குறை சொல்லியிருப்பேன்!

அந்த ஆதாரில் எனக்கு இருபத்தெட்டு வயது. கான்ட்ராக்டர் படத்தையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. சம்பளம் புவனேஸ்வரி கணக்குக்கு வருகிறது, அவள் அம்மா தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறாள். முதல் வாரம் சூப்பர்வைசர் "புவனா, புவனா" என்று நாலு தடவை கத்தியும் நான் திரும்பவில்லை. செவிடு என்று நினைத்துவிட்டார்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி. மறுநாள் ஓட்டுப் போட லீவு, அதற்கும் சேர்த்து அன்றைக்கே முடிக்கச் சொன்னார்கள். பாக்கெட்டின் வாயை ஒட்டுகிற மெஷினில் ஒரு சூட்டுத் தகடு உண்டு. தூள் சிக்கிக்கொண்டது. மெஷினை நிறுத்தினால் சத்தம் போடுவார்கள் என்று ஓடும்போதே எடுத்தேன். இடது கையில் இரண்டு விரல் உள்ளே போய்விட்டது. கறி வேகிற வாசனை வந்தது. என்னுடையதுதான் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். "வேலையில பட்டதுன்னு சொல்லாத. வூட்ல எண்ணெ கொட்டிச்சின்னு சொல்லு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர். டாக்டர் பெயர் கேட்டார். புவனேஸ்வரி என்றேன். வலியில் துடிக்கும்போதும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

கை கால் போனால் யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். யாரும் கிடையாது. நான் பார்த்துவிட்டேன். கம்பெனிக்குப் புவனேஸ்வரியைத் தெரியும், அவள் கை நன்றாக இருக்கிறது. கவர்மெண்டுக்கு ஆரோக்கியசெல்வியைத் தெரியும், அவள் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறாள்.

உங்களை மாதிரி ஒருத்தர் எங்கள் ஷெட்டிலும் இருக்கிறார். ஃபிட்டர் வீரப்பன். நான் புவனா இல்லை என்று அவருக்கு முதல் நாளே தெரியும். அவர் மட்டும் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு நினைத்துப் பார்த்தேன்.

அந்த அம்மாள் வீட்டுக்குப் போங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

செல்வி


ஃபெர்கானா பக்கம்
19-5-2024

செல்வி,

போனேன்.

அதற்கு முன்னால் மூன்று நாள் எங்கேயும் போகவில்லை. ஃபிரேமுக்கு அடியில் படுத்துக்கொண்டு உன் விரலையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டே கியருக்குள் கையை விடப்போய்ப் பக்கத்தில் இருந்தவன் பிடித்து இழுத்தான்.

ஜுல்ஃபியா வீடு பருத்திக் காட்டுக்கு ஓரத்தில் இருக்கிறது. முற்றத்தில் திராட்சைக் கொடி, பழுதான தையல் மெஷின் ஒன்று. என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்றாள். வந்தவனை வாசலில் நிறுத்த அவர்களுக்குத் தெரியாது. தேநீர் ஊற்றினாள். இங்கே விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள், ஆறுவதற்கு முன் திரும்பத் திரும்ப ஊற்றித் தருவதுதான் மரியாதை. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். என் கிண்ணத்தை விளிம்பு வரை ஊற்றினாள்.

நான் குடிக்கவில்லை. போனை எடுத்து, கடிதத்தோடு நீ அனுப்பிய படத்தைக் காட்டினேன், கட்டுப் பிரித்த விரல்கள். யார் என்றாள். மனைவி என்றேன். எப்படி ஆனது, எந்தப் பெயரில் வேலை பார்த்தாள், எல்லாவற்றையும் ஆப்பில் தட்டிக் காட்டினேன். நீளமாக இருந்ததால் மெஷின் பாதியைத் தப்பாகச் சொன்னது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது. "அட்டைல அவளுக்கு எத்தினி வயசு?" என்று கேட்டாள். இருபத்தெட்டு என்றேன். "எனக்கு இருவத்திரெண்டு" என்று சொல்லிச் சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டாள், நான் இருப்பது ஞாபகம் வந்ததுபோல.

மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். ஒரு காகிதம் கொண்டுவந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் வேலை பார்த்தது அவள்தான் என்று நான் எழுதித்தர வேண்டும், அவற்றைத் தன் பென்ஷன் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறாளாம். பத்தொன்பது நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் ஆப்பில் சொல்லச் சொல்ல அவள் அண்ணன் மகன் அதை ரஷ்ய மொழியில் எழுதினான். திங்கட்கிழமை அவளோடு தொழிலாளர் அலுவலகத்துக்கும் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய், என்னை ரிங் ஃபிரேமிலிருந்து எடுத்துப் பஞ்சு பிரிக்கிற ஷெட்டில் போட்டுவிட்டார். தூசியில் ராத்திரியெல்லாம் இருமல்.

இருந்தும் அவரிடமே போய், என் மனைவிக்கு அடிபட்டிருக்கிறது, ஊருக்குப் போக வேண்டும் என்றேன். அவர் கல்மனசுக்காரர் இல்லை செல்வி. "அய்யோ, மொதல்லியே சொல்லக்கூடாதா? வைஃப் பேர்ல ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணு வாட்ஸ்அப்புல வாங்குங்க. எமர்ஜென்சி லீவு. நாளைக்கே பாஸ்போர்ட், டிக்கெட்" என்றார். அதனால்தான் உன்னிடம் அவசரமாகச் சீட்டைக் கேட்டேன்.

நீ அனுப்பினாய். திறந்து பார்த்தேன். புவனேஸ்வரி, பெண், வயது 28.

அதை எப்படி அவரிடம் காட்டுவேன்? காட்டவில்லை. என் மனைவிக்கு அடிபட்டது என்பதற்கு என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. அந்தக் கிளினிக்குக்குப் போய் உன் பெயரில் மாற்றித்தரச் சொல்லிக் கேட்டுப் பாரேன். ரேஷன் கடை வேலை போனால் போகட்டும். நான் வந்துவிடுகிறேன்.

மணி


மடுகரை
16-6-2024

வெண்ணிலா அப்பாவுக்கு,

நீங்கள் அந்த அம்மாள் வீட்டுக்குப் போனதை எழுதியதும் நான் அழுதேன். காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் அல்லவா, அதற்காகத்தான்.

கிளினிக்குக்குப் போனேன். சீட்டு எழுதுகிற ஆதிலட்சுமி என்ற பெண்ணிடம் என் பெயர் புவனேஸ்வரி இல்லை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "கம்பெனி ஆளுதான் கூட்டிக்கினு வந்தாரு. பேர மாத்தணும்னா கம்பெனில லெட்டர் வாங்கிக்கினு வாங்க" என்றாள். கம்பெனிக்குப் போகும் வேனைப் பிடிப்பதற்குள் முடிவு எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நீ புவனா இல்லன்னா உன்ன எங்களுக்குத் தெரியாது. இங்க நீ வேலையும் செய்யல, உனக்குக் கையும் வேகல. யோசிச்சிக்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளையிலேர்ந்து லேபிள் ஒட்டற எடத்துக்கு வா. ஒத்தக் கையாலயே செய்யலாம்" என்றார். அவருக்கும் நான்கு பிள்ளைகள்.

ஆரோக்கியசெல்வி என்று என் சொந்தப் பெயரிலேயே சேர்கிறேன், ரேஷன் வேலை போனால் போகட்டும் என்றும் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதற்காகத்தான். கான்ட்ராக்டர் ஆபீசில் நாற்பத்தொரு வயதுக்கு ஆள் எடுப்பதில்லையாம்.

நீங்கள் வரவேண்டாம். வந்தால் உங்களுக்கும் வேலை கிடையாது, எனக்கும் கிடையாது. வெண்ணிலாவுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்திருக்கிறது, மூன்றரை வருஷம். புவனேஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கைக்குழந்தையோடு வேலைக்குப் போகமாட்டாள், இன்னும் ஒரு வருஷம் ஆதாரை வைத்துக்கொள் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். ரேஷன் கடையைத் திறப்பார்கள் என்று இப்போதும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை போகிறேன். இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.

இன்னொன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் வேனில் பதினொரு பெண்கள். ஐந்து மாதமாக ஒன்றாகப் போகிறோம், ஒரே தூக்குச் சட்டியில் சோறு பிரித்துத் தின்கிறோம். லேபிள் ஒட்டப் போன முதல் நாள் காலையில் பக்கத்தில் இருந்தவள் என் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் எரியுதா புவனா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தோன்றியதோ, "எம்பேரு புவனா இல்லக்கா. ஆரோக்கியசெல்வி" என்றேன். வேனில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தார், தனக்குக் கேட்கவில்லை என்று காட்ட.

என் கையை வைத்திருந்தவள் முதலில் தன் பெயரைச் சொன்னாள். இதுவரை நான் அவளைக் கூப்பிட்ட பெயர் இல்லை அது. பின் சீட்டில் இருந்து ஒருத்தி சொன்னாள். அப்புறம் இன்னொருத்தி. செலியமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் பெயரை யாரிடமோ புதிதாகக் கேட்பதுபோல் இருந்ததாம். பதினொரு பேரில் ஐந்து பேர் என்னைப் போலவே வேறொருத்தி அட்டையில் வருகிறவர்கள். அந்தப் பெயர்களை நான் இதில் எழுதவில்லை. போன் யார் கையில் சிக்குமோ.

அன்றிலிருந்து வேன் மடுகரையைத் தாண்டியதும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கம்பெனி கேட் தெரிந்ததும் ஒவ்வொருத்தியாக வாயை மூடிக்கொள்கிறோம். பிறகு இறங்கி, வரிசையில் நின்று, அவரவர் கையில் இருக்கும் அட்டையை நீட்டுகிறோம்.

ஆரோக்கியசெல்வி